‘அதேதான்’ என்று சொல்லும்வரை

எங்கள் பள்ளித் தலைமையாசிரியர் அறையில் ஒரு கண்ணாடி பீரோ உண்டு. அதன் மேல்தட்டில் பேச்சுப்போட்டிக் கோப்பைகள் வரிசையாக நிற்கும். அவற்றில் பதினொன்று என் மாணவர்கள் வாங்கி வந்தவை. விருதுநகர் மாவட்டத்தில், சிவகாசிக்குப் பக்கத்துக் கரிசல் ஊர் ஒன்றின் அரசு மேல்நிலைப் பள்ளியில் 1998 முதல் 2024 வரை தமிழாசிரியராக இருந்தேன். பிள்ளைகளுக்கு நான் ‘தமிழம்மா’. மாவட்ட அளவில் எங்கே பேச்சுப்போட்டி நடந்தாலும் எங்கள் பள்ளியிலிருந்து ஒரு பிள்ளை பரிசோடு திரும்பும் என்று பெயர் இருந்தது. அந்தப் பெயர் எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

பயிற்சி எப்படி நடக்கும் என்றால், தலைப்பு வந்ததும் ஐந்து நிமிடத்துக்கு அளவெடுத்து நான் எழுதித் தருவேன். பிள்ளை மனப்பாடம் செய்யும். எந்த வரியில் குரலை ஏற்றுவது, எங்கே நிறுத்திக் கைதட்டலுக்கு இடம் விடுவது, எப்போது நடுவரைப் பார்ப்பது, எல்லாம் தாளின் ஓரத்தில் பென்சிலால் குறித்திருக்கும். பட்டிமன்றம் என்றால் எதிரணி என்ன சொல்லும் என்பதை நானே யூகித்து, அதற்கான பதிலடியையும் முன்கூட்டியே எழுதிவிடுவேன். பள்ளிக்குள் நடக்கும் பட்டிமன்றத்தில் எதிரணிக்கும் எழுதித் தருவது பெரும்பாலும் நான்தான்.

2009இல் எங்கள் இலக்கிய மன்ற விழாவில் ‘மாணவர் உயர்வுக்குப் பெரிதும் துணைநிற்பது வீடா, பள்ளியா?’ என்று பட்டிமன்றம் வைத்தோம். பள்ளி அணியில் பேசியவன் என் கையில் வளர்ந்த பேச்சாளன். நான் எழுதிக்கொடுத்ததைப் பேசி முடித்தவன், கூட்டம் சிரித்த சிரிப்பில் சூடேறி, எழுதாத ஒரு வரியைச் சேர்த்தான். “வீட்டைப் பத்தி இவ்வளவு பெருமையாப் பேசுறாரே, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல அவங்க வீட்டுல அப்பா எந்த நிலைமையில இருப்பாருன்னு ஊருக்கே தெரியும்.” மைதானமே கைதட்டியது. மேடையிலிருந்த ஆசிரியர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எதிரணிப் பையன் கையிலிருந்த தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

அன்று மாலை சைக்கிள் ஸ்டாண்டில் இருவரும் கட்டிப் புரண்டார்கள். பேச்சாளனுக்கு முன்பல் உடைந்தது. இருவரையும் பெற்றோரோடு வரச்சொல்லி, மன்னிப்புக் கடிதம் வாங்கி, விஷயத்தை முடித்துவிட்டார்கள். எனக்கு முடியவில்லை. அந்த ஒரு வரியை நான் எழுதித் தரவில்லை என்பது உண்மை. ஆனால் எதிராளியை வீழ்த்தினால் கைதட்டல் வரும், கைதட்டல் வந்தால் வெற்றி என்பதை அவனுக்குக் கற்றுத்தந்தது நான். ஐந்து ஆண்டு அவனுக்குப் பேசக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். எதிரில் இருப்பவன் பேசும்போது காதுகொடுக்க ஒரு நாள்கூடச் சொல்லித்தரவில்லை. கொடுக்க வேண்டிய தேவையே அவனுக்கு இருந்ததில்லை, பதில்தான் ஏற்கெனவே தாளில் இருக்கிறதே.

பட்டிமன்றத்தைக் குறைத்துச் சொல்ல இதை எழுதவில்லை. குன்றக்குடி அடிகளார் நடுவராக அமர்ந்த மேடைகளைக் கேட்டு வளர்ந்த தலைமுறை எங்கள் பெற்றோருடையது. அது நல்ல கலை. ஆனால் வீட்டுத் தகராறு, விடுதிச் சண்டை, பஞ்சாயத்து, திருமணப் பேச்சு, சங்கக் கூட்டம் என்று ஒரு மனிதன் வாழ்நாளெல்லாம் பேசவேண்டிய இடங்களில் நடுவர் கிடையாது, மைக் கிடையாது, அணியும் கிடையாது. அங்கே எப்படி மறுத்துப் பேசுவது என்பதற்கு எங்கள் கால அட்டவணையில் ஒரு பாடவேளைகூட இல்லை.

நம் வீடுகளில் அதற்குச் சொல்லே சரியாக இல்லை என்பது பிறகுதான் உறைத்தது. ‘எதிர்த்துப் பேசாதே’ என்கிறோம். அந்த ஒரு சொல்லில் கருத்தை மறுப்பதும் மரியாதை கெட்டுப்போவதும் ஒன்றாகவே கட்டிக்கிடக்கின்றன. பிள்ளை ‘எனக்கு அப்படித் தோணல’ என்றாலும் எதிர்ப்பேச்சுதான், ‘போய்யா’ என்றாலும் எதிர்ப்பேச்சுதான். ஆகவே பிள்ளைகளுக்கு இரண்டே வழி தெரியும்: வாயை மூடிக்கொள்வது, அல்லது மொத்தமாக எகிறுவது. சிநேகிதர்களுக்குள் மூன்றாவதாக ஒன்று உண்டு, கலாய்ப்பது. ‘பங்கம் பண்ணிட்டான்’ என்பார்கள். அதற்கும் மேடையில் நடந்ததற்கும் பெரிய வித்தியாசமில்லை.

அடுத்த கல்வியாண்டில் பதினொன்றாம் வகுப்புக்கு வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையைக் கேட்டு வாங்கினேன். யாரும் விரும்பாத வேளை அது. பிள்ளைகள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே உட்கார்ந்திருப்பார்கள். இரண்டு பெஞ்சுகளை எதிரெதிரே போட்டு, இருவரை உட்காரவைத்து, ‘ஒரு விஷயத்தைப் பற்றிப் பேசுங்கள், சண்டை போடாதீர்கள்’ என்றேன். முதல் மாதம் முழுக்கத் தோல்வி. பாதிப் பேர் பட்டிமன்றக் குரலில் ‘அவையோர்களே’ என்று ஆரம்பித்தார்கள். மீதிப் பேர் முதல் நிமிடத்திலேயே ‘நீ சொல்றதும் சரிதான்’ என்று சமாதானமாகிவிட்டு மணி அடிக்கக் காத்திருந்தார்கள். சண்டையும் வரவில்லை, பேச்சும் வரவில்லை.

வழி கிடைத்தது தற்செயலாக. பொதுத்தேர்வுக்கான மாலைச் சிறப்பு வகுப்பை ஆறு மணிவரை நீட்டுவது பற்றி அப்போது பள்ளியில் பேச்சு. ஒரு பையன் நீட்டவேண்டும் என்றான், வீட்டில் படிக்க இடமில்லை என்பது அவன் காரணம். ஒரு பெண் கூடாது என்றாள். அவன் உடனே, “இவளுக்குப் படிக்கப் பிடிக்கலம்மா” என்றான். நான் அவனிடம், “அவ சொன்னதை ஒரு தடவை திருப்பிச் சொல்லுய்யா, பார்ப்போம்” என்றேன். சொன்னான்: “சீக்கிரம் வீட்டுக்குப் போகணுங்குறா.” அவள் இல்லை என்று தலையாட்டினாள். “அவ என்ன சொன்னான்னு அவகிட்டயே கேளு” என்றேன். கேட்டான். ஐந்தே முக்காலுக்கு அவள் ஊர்ப் பக்கம் கடைசி டவுன் பஸ், அதை விட்டால் மூன்று கிலோமீட்டர் ஓடைக்கரை வழியே இருட்டில் நடக்கவேண்டும், அதற்கு அவள் அப்பா சம்மதிக்கமாட்டார், படிப்பையே நிறுத்திவிடுவார். அவன் அதை அப்படியே திருப்பிச் சொன்னான். அவள், “அதேதான்” என்றாள்.

ஒரே வகுப்பில் உட்கார்ந்தவர்கள். அந்தப் பஸ் நேரம் அவனுக்குத் தெரியாது. அவன் வீட்டில் விளக்கடியில் படிக்க இடமில்லை என்பது அவளுக்கும் தெரியாது. கடைசியில் ஐந்தரைக்கு முடிப்பது, வேண்டியவர்கள் ஏழு மணிவரை வகுப்பறையிலேயே உட்கார்ந்து படிப்பது என்று இருவரும் சேர்ந்து ஒரு யோசனை சொன்னார்கள். தலைமையாசிரியர் ஏற்றுக்கொண்டார், இரவுக் காவலரிடம் சாவி கொடுத்தார்.

அன்றிலிருந்து அதுவே எங்கள் விதி. மறுப்பதற்கு முன் மற்றவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லவேண்டும். அவர் வாயால் ‘அதேதான்’ என்று வரும்வரை உன் மறுப்பு தொடங்காது. பிள்ளைகள் அதற்கு ‘அதேதான் ஆட்டம்’ என்று பெயர் வைத்தார்கள். கேட்க எளிது. செய்யும்போதுதான் தெரியும், பதினாறு வயதுப் பிள்ளைக்கு இதைவிடக் கடினமான வேலை வேறில்லை. திருப்பிச் சொல்லும்போதே ஒரு சொல்லைத் திருகிவிடுவார்கள். ‘சில நேரம்’ என்று அவள் சொன்னது ‘எப்பவும்’ என்று திரும்பும். ‘எனக்குப் பயமா இருக்கு’ என்றது ‘இவங்களுக்கு நம்பிக்கை இல்ல’ என்று ஆகும். நான் குறுக்கே போகமாட்டேன். சொன்னவரே திருத்துவார். மூன்று முறை, நான்கு முறை ஆகும். அதற்குள் கோபம் பாதி வடிந்திருக்கும்.

சின்னச் சின்னதாக வேறு சில மாற்றங்களும் செய்தேன். ‘ஏன்?’ என்ற சொல்லை அந்த வேளையில் ஒதுக்கிவைத்தேன். நம் பள்ளிகளில் ‘ஏன்?’ என்பது கேள்வி அல்ல, அதட்டல். ஏன் லேட், ஏன் எழுதலை, ஏன் சிரிக்கிறே. அதைக் கேட்டதும் பிள்ளை காரணம் தேடாது, தப்பிக்க வழி தேடும். அதற்குப் பதில் ‘கொஞ்சம் விரிச்சுச் சொல்லேன்’ என்று கேட்கச் சொன்னேன். அதே பிள்ளை வாய் திறந்து நான்கு வாக்கியம் பேசியது. கைதட்டல் கூடாது என்றேன். பேசத் தயங்குகிறவர்கள் முதலில் துண்டுச் சீட்டில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளலாம் என்றேன். பெண்பிள்ளைகள் பேச ஆரம்பித்தது அந்தச் சீட்டுக்குப் பிறகுதான்.

இதெல்லாம் புதிது என்றுதான் முதலில் நினைத்தேன். ஒருநாள் நன்னூலின் பொதுப்பாயிரத்தை வேறு எதற்கோ புரட்டியபோது, எழுவகை மதம் கண்ணில் பட்டது. இருபது ஆண்டு படித்தும் நடத்தியும் கடந்துபோன இடம். மதம் என்றால் அங்கே கொள்கை. ஒரு நூலாசிரியன் பிறர் கொள்கையோடு எப்படியெல்லாம் உறவாடலாம் என்று நன்னூல் ஆசிரியர் பவணந்தியார் ஏழு வழி சொல்கிறார். முதலாவது உடன்படுவது. இரண்டாவது மறுப்பது. மூன்றாவதுதான் என்னை நிறுத்தியது: பிறர் கொள்கையை முதலில் தான் மேற்கொண்டு, பிறகு களைவது. இருவர் மாறுபடும்போது ஒரு பக்கத்தைத் துணிவதும் அந்தப் பட்டியலில் உண்டு, பிறர் நூலின் குற்றத்தைக் காட்டுவதும் உண்டு. அவர் சொன்னது நூல் இயற்றுவதைப் பற்றி என்பது தெரிந்தும், அந்த ஏழையும் பெரிய சார்ட்டில் எழுதி வகுப்பில் ஒட்டினேன். 13ஆம் நூற்றாண்டில் மறுப்பை இத்தனை வகையாகப் பிரித்துப் பார்த்த மொழியில், நம் பிள்ளைகளுக்கு ‘எதிர்த்துப் பேசுறது’ என்ற ஒரே சொல்லைக் கொடுத்து வைத்திருக்கிறோம் என்பது எனக்கு வருத்தமாக இருந்தது.

மணிமேகலையையும் அதற்குப் பிறகு வேறு கண்ணோடு நடத்தினேன். முப்பது காதைகளில் இருபத்தேழாவது, சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதை. வஞ்சி நகரில் வைதிகர், ஆசீவகர், நிகண்டர், சாங்கியர், வைசேடிகர் என ஒவ்வொருவராகத் தங்கள் கொள்கையைச் சொல்ல, மணிமேகலை கேட்கிறாள். காதையின் பெயரிலேயே ‘கேட்ட’ இருக்கிறது. கண்ணால் கண்டதே உண்மை, மற்றதெல்லாம் ஏற்கமுடியாது என்ற பூதவாதியிடம் மட்டும் நின்று மறுக்கிறாள். அதுவும் ஒரு கேள்வியாக: உன் தாய் தந்தையரை நீ எப்படி அறிந்தாய்? அவன் சொன்னதை முழுக்க வாங்கிக்கொண்ட ஒருத்தியால்தான் அந்தக் கேள்வியைக் கேட்கமுடியும். இதைச் சொன்னதும் ஒரு பையன், “அம்மா, அவளும் அதேதான் ஆட்டம் ஆடியிருக்கா” என்றான்.

அம்பேத்கரையும் சொல்வேன். லாகூரில் பேசுவதற்காக எழுதிய உரையை, கூட்டம் ரத்தானதால் 1936இல் அவரே நூலாக வெளியிட்டார். காந்தி தம் ‘ஹரிஜன்’ இதழில் அதை விமர்சித்தார். அடுத்த ஆண்டு வந்த இரண்டாம் பதிப்பில் காந்தியின் விமர்சனத்தை முழுதாகச் சேர்த்து, அதன்பிறகு தம் பதிலை வைத்தார் அம்பேத்கர். அந்தப் பதிலில் விட்டுக்கொடுத்தது எதுவும் இல்லை. ஆனால் எதிராளியின் சொல்லை எதிராளியின் சொல்லாகவே தம் நூலுக்குள் அச்சிட்டார். பிள்ளைகளிடம், “உன் நோட்டில் உன்னை மறுத்தவன் எழுதியதை அவன் கையெழுத்திலேயே ஒட்டுவாயா?” என்று கேட்பேன். ஒட்டிக்கொண்டு வந்தவர்கள் சிலர் உண்டு.

இனி, மறக்கமுடியாத அந்த வெள்ளிக்கிழமை. உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23 அன்று பட்டாசு வழக்கில் தீர்ப்புச் சொல்லியிருந்தது. சரவெடிக்கும் பேரியம் உப்புக்கும் தடை, தீபாவளியன்று வெடிக்க இரண்டு மணி நேரம். தமிழ்நாட்டில் காலை ஆறிலிருந்து ஏழு, மாலை ஏழிலிருந்து எட்டு என்று பிரித்தார்கள். தீபாவளி முடிந்தது, வழக்கம்போல் திறக்கவேண்டிய ஆலைகள் திறக்கவில்லை. எங்கள் வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் வீட்டில் யாராவது ஒருவர் பட்டாசு ஆலைக்குப் போகிறவர். மதியச் சாப்பாட்டுக்குப் பின் தண்ணீர்க் குழாயடியில் ‘உங்க வீட்ல அடுப்பு எரியுதா’ என்று பிள்ளைகள் ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்ட நாட்கள் அவை.

தலைப்பை அவர்களே எழுதினார்கள்: ‘தடை சரியா?’ சன்னலோரத்தில் உட்காரும் பையனும் மூன்றாம் பெஞ்சுப் பெண்ணும் எதிரெதிரே வந்து அமர்ந்தார்கள். இருவரும் ஒரே தெரு.

பையன் சொன்னான்: “தடை சரிதான். சரவெடி மட்டும் என்ன, எல்லாத்தையும் மூடணும். எங்க சித்தப்பா மருந்துக் கலவை ரூம்ல போனாரு. பெட்டியைத் திறந்து காட்டவே இல்ல.”

அவள் தாமதிக்கவில்லை. “மூடிட்டா சோத்துக்கு? உங்க வீட்ல ஒருத்தர் போனாரு. எங்க வீட்ல ரெண்டு மாசமா எல்லாரும் கொஞ்சங் கொஞ்சமாப் போய்க்கிட்டிருக்கோம்.”

வகுப்பு கப்பென்று அடங்கியது. எனக்கு நிறுத்திவிடலாமா என்று தோன்றியது. அவன் தாடை இறுகியிருந்தது. “விதி” என்று மட்டும் சொன்னேன்.

அவள் திருப்பிச் சொன்னாள்: “பட்டாசு வேலைக்குப் போறவங்க எக்கேடு கெட்டாலும் இவனுக்குக் கவலை இல்ல.”

“நான் அப்படிச் சொல்லல.”

“சித்தப்பா செத்ததால எல்லா ஆலையும் மூடணுங்குறான்.”

“அது பாதி.”

பிறகு அவள் பேசவில்லை. பெஞ்சின் விளிம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தாள். மின்விசிறிச் சத்தம் கேட்டது. ஒரு நிமிடம் இருக்கும். அவனை நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்: “அவங்க சித்தியும் அதே ஆலைக்குத்தான் போய்க்கிட்டிருந்தாங்க. ஆலை திறந்தா திரும்பவும் போவாங்க. சித்தப்பாவுக்கு ஆனது சித்திக்கும் ஆயிருமோன்னு இவனுக்குப் பயம். அதான் மூடணுங்குறான்.”

அவன் சொல்லியிருக்கவே இல்லை அதை. அவள் தெருவில் பார்த்ததிலிருந்து எடுத்துச் சேர்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு, “அதேதான்” என்றான். குரல் வெளியே வரவில்லை.

அவன் முறை வந்தது. ஒரே தடவையில் சொல்லிவிட்டான்: “இவங்க அம்மா பதினாலு வயசுலேர்ந்து அந்த வேலைதான் பாக்குறாங்க. கையெல்லாம் அலுமினியப் பொடி. தலை வாரிவிட்டா இவ தலையும் வெள்ளியா மின்னும். வேற வேலை தெரியாது. ஆலையை மூடுங்கன்னு சொல்றவங்க, அந்த அம்மா நாளைக்கு எங்க போய் நிக்கணும்னு சொல்லணும். அதச் சொல்லாம மூடச் சொல்லக்கூடாது.” அவள் அழுதுகொண்டே ‘அதேதான்’ என்றாள்.

அதன்பிறகும் இருவரும் ஒத்துப்போகவில்லை. அதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இந்த வகுப்பின் நோக்கம் எல்லாரையும் ஒரே கருத்துக்குக் கொண்டுவருவது என்று பலர் நினைக்கிறார்கள். அவன் மூடவேண்டும் என்றே நின்றான், அவள் கூடாது என்றே நின்றாள். ஆனால் பின்பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்து கேட்டாள்: “அம்மா, கோர்ட்டு எதுக்காகத் தடை போட்டுச்சு?” அது 2015இல் டெல்லியில் மூன்று கைக்குழந்தைகளின் பெயரில் தொடுத்த வழக்கு, புகையையும் காற்றையும் பற்றியது. தொழிலாளியின் உயிர் அந்த வழக்கின் மையம் அல்ல, கூலியும் அல்ல. அதாவது இவன் கேட்டதற்கும் அந்தத் தீர்ப்பில் விடை இல்லை, இவள் கேட்டதற்கும் இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமை பிள்ளைகளின் கேள்வி மாறியிருந்தது: ‘ஆலை திறந்திருக்கவேண்டும், ஆள் சாகக்கூடாது, அதற்கு என்ன செய்யலாம்?’ உள்குத்தகைக்கு விடுவது, ஒரே அறையில் அளவுக்கு மேல் ஆட்களை உட்காரவைப்பது, மருந்தை அளவுக்கு மேல் வைத்திருப்பது என்று வீட்டில் கேட்டறிந்து வந்து எழுதினார்கள். 2012 செப்டம்பர் 5, ஆசிரியர் தினத்தன்று முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் 30க்கும் மேற்பட்டோர் இறந்தபோது நானும் அதே ஊர்ப்பக்கம் இருந்தவள். பிள்ளைகள் கொடுத்த பேனாவும் வாழ்த்து அட்டையும் மேசைமேல் கிடக்க, அவர்களைப் பத்திரமாக வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். அந்த நாளுக்குப் பிறகு ஊரில் எத்தனையோ கூட்டம் பேசியிருக்கிறோம். இந்தப் பதினாறு வயதுப் பிள்ளைகள் அளவுக்கு நாங்கள் தெளிவாகப் பேசியதில்லை.

எல்லா விவாதமும் இப்படி வராது. எங்கள் பக்கத்தில் பேச்சு திசைமாறும் இடம் ஒன்று உண்டு, அதைக் கண்டுபிடிக்க எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. ஒருமை பன்மையாக மாறும் இடம் அது. ‘நீ சொல்றது தப்பு’ என்பதுவரை இரண்டு பேர் பேசுகிறார்கள். ‘உங்க ஆளுகளே இப்படித்தான்’ என்றதும் அங்கே இரண்டு சாதிகள் வந்து நிற்கின்றன. தென்மாவட்டத்தில் ‘ஆளு’ என்ற சொல்லின் பொருள் எல்லாருக்கும் தெரியும். ஆகவே மேசைமேல் ஒரு மணி வைத்தேன். யார் வாயிலாவது ‘உங்க ஆளுக’, ‘நீங்கல்லாம்’, ‘இவனுகளுக்கு’ வந்தால், கேட்ட எவரும் மணியை அடிக்கலாம். பேசியவர் அதே வாக்கியத்தை எதிரில் இருக்கும் ஒருவரை மட்டும் வைத்துத் திரும்பச் சொல்லவேண்டும். பெரும்பாலும் சொல்ல முடியாது. எதிரில் இருப்பவன் அந்த வாக்கியத்துக்குள் அடங்கமாட்டான்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலினத்தைச் சேர்ந்த மாணவனையும், தடுக்கப்போன தங்கையையும் உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அடுத்த திங்களன்று என் வகுப்பில் மணிக்கட்டுகளைப் பார்த்தேன். சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகச் சாதிக் கயிறுகள். அந்தச் சம்பவத்துக்குப் பின் அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் அந்தக் கயிறுகளுக்குத் தடை கேட்டது. தடை வேண்டும் என்பதே என் கருத்தும். ஆனால் கயிற்றை அறுத்தபின் அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரர்கள் எதிரெதிரே உட்கார்ந்து பேசப் பழகவேண்டும். அதற்கு வாரத்தில் நாற்பது நிமிடமாவது ஒதுக்காமல் தடையை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

நான் செய்த பெரும்பிழை ஒன்றையும் எழுதவேண்டும். ஆட்டம் நன்றாக ஓடிய ஓர் ஆண்டில், துணிச்சல் கூடி, ‘இடஒதுக்கீடு தேவையா?’ என்று தலைப்புக் கொடுத்தேன். எதிர்த்துப் பேசவேண்டியவன் விதிப்படி அமைதியாக, மரியாதையாகத்தான் பேசினான். எதிரே இருந்த பிள்ளை, தான் அந்த பெஞ்சில் உட்காரத் தகுதியுள்ளவன்தான் என்று நிரூபிக்கவேண்டிய நிலைக்கு ஆளானான். திருப்பிச் சொல்லும் முறை வந்தபோது, தன்னைப் பற்றிய அந்தக் கருத்தைத் தன் வாயாலேயே சொல்லவேண்டி வந்தது. இரண்டு சொல் சொன்னான், நிறுத்திவிட்டான். நான் மணியடித்து வகுப்பை முடித்தேன். மறுநாள் அவனைத் தனியாக அழைத்து மன்னிப்புக் கேட்டேன். “பரவால்லம்மா” என்றான். பரவாயில்லை என்று நான் நினைக்கவில்லை. ஒரு பிள்ளையின் இருப்பையே மேசைமேல் வைத்து இருபக்கமும் பேசுவது உரையாடல் ஆகாது. அதை வரலாறாக, சட்டமாக, புள்ளிவிவரமாக ஆசிரியர் நடத்தவேண்டும். எதை ஆட்டத்தில் வைப்பது, எதை வைக்கக்கூடாது என்று பிரித்தறிவதுதான் இந்த வேலையில் ஆசிரியரின் பாதிப் பொறுப்பு. இதை நான் கற்றுக்கொண்டது ஒரு பிள்ளையின் செலவில்.

சக ஆசிரியர்கள் சிலருக்கு என் வகுப்பு பிடிக்கவில்லை. “உங்க வெள்ளிக்கிழமையால திங்கக்கிழமை எங்க கிளாஸ்ல கேள்வி கேக்குறாங்க” என்றார்கள். ஒரு தந்தை நேராகப் பள்ளிக்கே வந்தார். பன்னிரண்டாம் வகுப்பு மாணவியின் அப்பா, லாரி ஓட்டுநர். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“டீச்சர், நான் சொன்னதை எனக்கே திருப்பிச் சொல்றா. என்ன பழக்கம் இது?”

“என்ன சொன்னாங்க அண்ணாச்சி?”

“மதுரைக்குப் போய்ப் படிக்க வேண்டாம்னேன். ‘அப்பா, ஹாஸ்டல்ல எனக்கு ஏதும் ஆயிட்டா ஊர்ல உங்க தலை குனிஞ்சிரும்னு பயப்படுறீங்க, நீங்க ராத்திரி ரோட்டுல இருக்கும்போது போன் வந்தா உடனே வர முடியாதுன்னு பயப்படுறீங்க, சரிதானப்பா?’ன்னு கேக்குறா.” நிறுத்தினார். “சரிதான் டீச்சர். ஆனா அத எப்படி இவ சொல்லலாம்?”

அதன்பிறகு உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார். மதுரைக்கு அவர் கடைசிவரை சம்மதிக்கவில்லை. பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் ஒரு கல்லூரியில் அவள் விரும்பிய பாடத்தையே சேர்த்துவிட்டார். அவள் கேட்டது முழுதாகக் கிடைக்கவில்லை என்பது எனக்கு இன்னும் குறைதான். கல்லூரியில் சேரும்வரை வீட்டில் பேச்சு அறுந்துபோகவில்லை என்பதும் உண்மை.

2024 மே மாதம் ஓய்வுபெற்றேன். பிரிவுபசாரத்தில் கோப்பைகளைப் பற்றிப் பேசினார்கள். மணியை எனக்குப் பின்னால் வந்த தமிழாசிரியரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். அந்தப் பட்டாசு விவாதத்துப் பையன் இப்போது விருதுநகரில் தீயணைப்புப் பணித் தேர்வுக்குப் படிக்கிறான். அவன் சித்தி ஆலைக்குப் போவதை நிறுத்தவில்லை. மூன்றாம் பெஞ்சுப் பெண் செவிலியர் படிப்பு முடித்துவிட்டாள். அவள் அம்மாவும் இன்னும் அதே ஆலையில்தான்.

இதைப் படிக்கும் ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன். இதற்குப் புதிய பாடநூல் வேண்டாம், பயிற்சி முகாம் வேண்டாம், நிதி வேண்டாம். இரண்டு பெஞ்சும் ஒரு மணியும் போதும். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையை உங்கள் தலைமையாசிரியரிடம் கேளுங்கள். அதை வேறு யாரும் கேட்கமாட்டார்கள், உங்களுக்குக் கிடைத்துவிடும்.